பூனைக்குத் தனித் தட்டு

போன தை மாதம் கோயம்புத்தூரிலிருந்து என் மருமகள், தம்பியின் மகள், போன் செய்தாள். "அத்தை, ஒரு வயசுப் பெர்ஷியன் பூனை ஒண்ணு எடுத்திருக்கோம். பஞ்சுன்னு பேர். நாங்க என்ன சாப்பிடறோமோ அதையேதான் சாப்பிடுது. இட்லியைச் சாம்பார்ல தோய்ச்சு வச்சாக்கூட நக்கித் தீர்த்துடுது." குரலில் அத்தனை பெருமை. சாம்பாரை இந்த நிமிஷமே நிறுத்து என்றேன்.

பதினைந்து நாள் கழித்து ஒரு வீடியோ அனுப்பினாள். பூனை தரையோடு தரையாகப் பதுங்கி, கழுத்தை நீட்டி, வயிறு உள்ளே போய்ப் போய் வர ஓங்கரிக்கிறது. கடைசியில் விரல் நீளத்துக்கு ஈரமாக ஒரு சுருட்டு தரையில் விழுகிறது. "புழுவா அத்தை?" என்று பயந்து கேட்டிருந்தாள்.

நாற்பது வருஷமாக எங்கள் வீட்டில் எப்போதும் ஒரு பூனையாவது இருந்திருக்கிறது. அவளுக்குச் சொன்னதையும், அன்று சொல்ல விட்டுப்போனதையும், புதிதாகப் பூனை வளர்க்க வந்திருக்கும் எல்லாப் பிள்ளைகளுக்குமாக எழுதி வைக்கிறேன்.

1. பூனை கறி தின்றே ஆகவேண்டிய பிராணி. மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

எங்கள் வீடு சைவம். என் முதல் பூனை வெள்ளச்சிக்கு நான் வைத்ததெல்லாம் தயிர் சாதம், பால், நெய்ச்சோறு. ஓட்டு வீட்டில் இருந்தவரை அவள் நன்றாகத்தான் இருந்தாள். அது என் சோற்றால் அல்ல, எலியும் பல்லியும் பிடித்துத் தின்றதால். அப்போது எனக்கு அது விளங்கவில்லை. பிறகு இரண்டாம் மாடிக்குக் குடிமாறி, கதவை அடைத்து வளர்க்க ஆரம்பித்தோம். இரண்டு வருஷம் போயிருக்கும். பட்டப்பகலில் ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார்ந்திருக்கும்போதும் அவள் கண்ணின் கருமணி பெரிதாக விரிந்தே கிடந்தது. நாற்காலியை இடம் மாற்றிப் போட்டால் போய் முட்டிக்கொண்டாள். ஒருநாள் கட்டிலிலிருந்து இறங்கும் முன் முன்னங்காலை நீட்டி, தரை எங்கே இருக்கிறது என்று காற்றில் துழாவினாள். அதைப் பார்த்த பிறகுதான் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். விளக்கடித்துப் பார்த்துவிட்டு, விழித்திரை கெட்டுவிட்டது, இனித் திரும்பாது என்றார். என்ன சாப்பாடு வைக்கிறீர்கள் என்று கேட்டார். சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் மனசு கொஞ்சம் ஆறியிருக்கும்.

டாரின் என்று ஒரு சத்து. நம் உடம்பும் நாயின் உடம்பும் அதை ஓரளவு தாமே செய்துகொள்கின்றன. பூனையின் உடம்பால் தேவையான அளவு செய்துகொள்ள முடியாது. கறியிலும் மீனிலும்தான் அது உண்டு. அரிசியிலும் பருப்பிலும் காய்கறியிலும் கிடையாது. அது குறைந்தால் கண் போகும், இதயம் பெருத்துத் தளரும். இதய நோய்க்கும் இதுதான் காரணம் என்பதை 1987-ல் அமெரிக்காவில், கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தைச் சேர்ந்த பால் பியான் என்ற கால்நடை மருத்துவரும் அவர் குழுவினரும் கண்டுபிடித்தார்கள். அதன் பிறகுதான் கம்பெனிகள் பூனைத் தீனியில் டாரினைக் கூட்டின. நேரத்தோடு கொடுத்தால் இதயம் தேறிவிடுவது உண்டு. போன கண் வராது.

வைட்டமின் ஏ-வும் அப்படித்தான். நாம் கேரட் தின்றால் உடம்பு அதை வைட்டமினாக மாற்றிக்கொள்ளும். பூனைக்கு அந்த வித்தை இல்லை.

சைவ வீட்டில் பூனை வளர்க்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. கறி சமைக்க வேண்டாம், கடையில் விற்கும் பூனைத் தீனியை வாங்கி வையுங்கள். தனித் தட்டு, தனி ஸ்பூன், பால்கனி ஓரத்தில் ஓர் இடம் போதும். நான் இன்றுவரை அப்படித்தான் செய்கிறேன். அதற்கும் மனசு ஒப்பவில்லை என்றால் பூனை வேண்டாம். பூனையைச் சைவமாக்க மட்டும் முயலாதீர்கள்.

2. பால் உணவல்ல.

நம் ஊரில் பூனை என்றால் பால்தான் நினைவுக்கு வரும். கம்பரே தம்மைப் பாற்கடலை நக்கிக் குடிக்கப் புகுந்த பூனையாகத்தான் சொல்லிக்கொண்டார். ஆனால் குட்டிப் பருவம் தாண்டியதும் பாலிலுள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரையைச் செரிக்கும் சக்தி பெரும்பாலான பூனைகளுக்குக் குறைந்துவிடுகிறது. வயிறு ஊதும், பேதியாகும். தண்ணீர் கலந்து கொடுத்தாலும் சர்க்கரை அதேதான், அளவு குறைகிறதே தவிர குணம் மாறுவதில்லை. தயிரில் ஒரு ஸ்பூன் நக்கினால் பெரும்பாலும் கெடுதலில்லை, ஆனால் அது சாப்பாட்டுக் கணக்கில் வராது. தாயில்லாத குட்டி கிடைத்தால் பசும்பால் ஊற்றாதீர்கள். பூனைப்பாலில் புரதம் இதைவிட அதிகம். குட்டிகளுக்கென்றே விற்கும் பால்மாவை வாங்குங்கள்.

3. வெங்காயம், பூண்டு பட்ட எதுவும் கூடாது.

சாம்பாரை ஏன் நிறுத்தச் சொன்னேன் என்று மருமகள் கேட்டாள். வெங்காயத்திலும் பூண்டிலும் உள்ள கந்தகப் பொருள்கள் பூனையின் ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும். பூனையின் எடையில் கிலோவுக்கு 5 கிராம் வெங்காயம் போதும், ரத்தம் கெட ஆரம்பிக்க. 4 கிலோ பூனைக்கு அது 20 கிராம், அதாவது நான்கைந்து சின்ன வெங்காயம். நம் வீட்டில் ஒரு கரண்டி வெங்காயச் சாம்பாரில் எத்தனை கிடக்கும் என்று எண்ணிப் பாருங்கள். பூண்டு இதைவிடக் கடுமை. வதக்கினாலும் வேகவைத்தாலும் பொடியாக்கினாலும் விஷம் போகாது. கொஞ்சம் கொஞ்சமாகத் தினமும் போனாலும் சேர்ந்து கெடுக்கும்.

உடனே ஒன்றும் தெரியாது என்பதுதான் இதில் பயங்கரம். சில நாள் கழித்துப் பூனை சுருண்டு படுக்கும், ஈறு வெளுக்கும், மூத்திரம் செம்பழுப்பாகப் போகும். மூன்று நாள் முன்பு வைத்த குழம்புச் சோறு யார் நினைவில் இருக்கும்?

குழம்பு மீனைக் கழுவி வைக்கிறேன் என்பார்கள். கழுவினால் காரம் போகும், உள்ளே ஊறியது போகாது. மசாலா போடும் முன்பே பூனையின் பங்கைத் தனியே எடுத்து வைத்துவிடுங்கள். சிக்கன் சிக்ஸ்டி ஃபைவ், பிரியாணிக் கறி, ஊறுகாய் தொட்ட விரல் எதையும் நீட்டாதீர்கள்.

4. நம் அடுப்பிலிருந்து கொடுக்க ஆசைப்பட்டால், கோழி நெஞ்சுக் கறியை உப்பு, மஞ்சள், எண்ணெய் எதுவும் இல்லாமல் வேகவைத்து, எலும்பை நீக்கிப் பிய்த்துப் போடுங்கள். வெந்த தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள். டாரின் தண்ணீரில் கரைந்து இறங்கிவிடும், ஆறியபின் அதையும் சேர்த்து ஊற்றுங்கள். கோழி இதயத்தில் டாரின் நிறைய உண்டு. கடைக்காரரிடம் ஈரலோடு சேர்த்து வாங்குபவர்கள் இதயத்தைத் தனியே பொறுக்கி வைக்கலாம். அவித்த முட்டை கொஞ்சம் கொடுக்கலாம்.

ஈரலைப் பூனை உயிரை விட்டுத் தின்னும். ஆனால் வாரத்துக்கு ஒரு தடவை, கட்டைவிரல் நுனி அளவுதான். தினமும் ஈரலாகவே தின்ற பூனைக்கு வைட்டமின் ஏ மிஞ்சிப்போய்க் கழுத்தெலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டி இறுகிவிடும். பிறகு அதனால் தன் முதுகை நக்கக்கூடத் திரும்ப முடியாது.

அளவு முக்கியம். வீட்டுக்குள் இருக்கும் 4 கிலோ பூனைக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 200 முதல் 250 கலோரி போதும். அதில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் நம் சமையல் போகக் கூடாது. அவித்த கோழி நெஞ்சில் அது சுமார் 15 கிராம், இரண்டு வாய். மீதி முழுச் சத்துள்ள பூனைத் தீனியாக இருக்கட்டும். பாக்கெட்டில் 'கம்ப்ளீட் அண்ட் பேலன்ஸ்டு' என்று அச்சடித்திருக்கிறதா பார்த்து வாங்குங்கள். ட்ரீட் என்று போட்டிருப்பது இடைத்தீனி, அது சாப்பாடு ஆகாது.

நாள் முழுக்க வெறும் கோழிக்கறி வைத்தால் நல்லதுதானே என்று சிலர் கேட்பார்கள். எலியைத் தின்னும் பூனை எலும்பையும் குடலையும் சேர்த்தே தின்கிறது. வெறும் சதையில் சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு. வளரும் குட்டிக்கு அதையே வைத்தால் எலும்பு மெலிந்து, ஸ்டூலிலிருந்து குதித்தாலே கால் ஒடியும்.

5. மீன்: வேகவைத்து, முள் எடுத்து, எப்போதாவது. மத்தி போன்ற சில மீன்களில் பச்சையாக இருக்கும்போது தையமினேஸ் என்று ஒரு நொதி உண்டு, அது வைட்டமின் பி1-ஐ அழித்துவிடும். தினமும் பச்சை மீனே தின்ற பூனையின் தலை நெஞ்சோடு குனிந்துபோகும், தள்ளாடும், வலிப்பு வரும். சூட்டில் அந்த நொதி செத்துவிடும். அதனால்தான் வேகவைக்கச் சொல்கிறேன். மீன்காரம்மா தலையையும் செதிலையும் எறிவதைத் தின்று தெருப்பூனை வாழவில்லையா என்று கேட்காதீர்கள். தெருப்பூனையில் எத்தனை பிழைக்கிறது என்று நாம் யாரும் எண்ணிப் பார்த்ததில்லை.

கருவாடு வேண்டாம், முழுக்க உப்பு. வெந்த கோழி எலும்பும் வேண்டாம், சிம்பு சிம்பாக உடைந்து குத்தும்.

6. சாக்லேட், காபி, டீ, பச்சை மாவு, திராட்சை, பாயசத்தில் மிதக்கும் உலர்திராட்சை. இவை பக்கமே கூடாது. பூனைக்கு இனிப்புச் சுவையே தெரியாது. அதை உணரும் மரபணு பூனை இனத்தில் செயலிழந்து கிடக்கிறது என்று 2005-ல் அமெரிக்காவின் மொனெல் ஆய்வு மையத்தினர் காட்டினார்கள். ஐஸ்கிரீமை நக்குவது கொழுப்புக்காக. இனிப்பு கொடுக்கவில்லையே என்று நீங்கள் வருத்தப்பட வேண்டியதில்லை.

7. மனுஷ மாத்திரை கொடுக்காதீர்கள். பாராசிட்டமாலைப் பூனையின் ஈரலால் முறிக்க முடியாது. 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றே உயிரை எடுத்துவிடும். உடம்பு சுடுகிறதே என்று கால் மாத்திரை கரைத்து ஊற்றி, ஈறு பழுப்பேறி, மூச்சு வாங்கி, விடியும் முன் போய்விட்ட ஒரு பூனையை என் மடியில் வைத்திருந்திருக்கிறேன். பக்கத்து வீட்டுப் பூனை. நல்ல மனசோடு செய்ததுதான். நாய்க்கு விற்கும் பெர்மெத்ரின் கலந்த உண்ணி மருந்தும் அப்படியே பூனையைக் கொல்லும்.

8. முடி உருண்டைக்கு வருவோம்.

பூனை விழித்திருக்கும் நேரத்தில் கணிசமான பகுதியை நக்கிக்கொண்டே கழிக்கிறது. அதன் நாக்கைத் தொட்டால் உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பாக இருக்கும். அத்தனையும் தொண்டைப் பக்கமாக வளைந்த சின்னச் சின்ன முட்கள், நம் நகம் ஆன அதே கெராட்டின். நுனி குழிந்து கரண்டி போலிருக்கும். அந்தக் குழியில்தான் எச்சிலை மொண்டு முடிக்குள் தோல்வரை கொண்டுபோகிறது என்று 2018-ல் ஜார்ஜியா டெக் ஆய்வாளர்கள் எழுதினார்கள். முட்கள் உள்நோக்கி இருப்பதால் உதிர்ந்த முடியைத் துப்ப வழியில்லை, விழுங்கத்தான் முடியும். விழுங்கியதில் பெரும்பகுதி மலத்தோடு போய்விடும். தங்கியது இரைப்பையில் திரண்டு, ஒருநாள் வாய்வழி வரும். உணவுக்குழாய் வழியாகப் பிதுங்கி வருவதால்தான் அது உருண்டையாக இல்லாமல் சுருட்டு மாதிரி நீளமாக இருக்கிறது. மருமகள் புழு என்று பயந்தது அதனால்தான். ஒரு குச்சியால் பிரித்துப் பாருங்கள், நனைந்த பஞ்சு போல முடி முடியாகப் பிரியும்.

நீள முடிப் பூனைக்கு மாதத்துக்கு ஒன்றிரண்டு வந்தால் கலங்க வேண்டாம். ஓங்கரிக்கும்போது தூக்காதீர்கள், முதுகைத் தட்டாதீர்கள், அதன் போக்கில் விடுங்கள். முடிந்ததும் துடைத்துவிட்டுத் தண்ணீர் வையுங்கள். வாரம் தவறாமல் வந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். சில சமயம் குறை முடியில் இருக்காது. தெள்ளுப்பூச்சி அரிப்பால் ஓயாமல் நக்கும், இல்லாவிட்டால் குடலில் நோய் இருக்கும்.

9. இதற்குச் சிறந்த மருந்து சீப்பு.

நீங்கள் வாரி எடுக்கும் முடி அதன் வயிற்றுக்குள் போகாது. குட்டை முடிக்கு வாரத்தில் இரண்டு நாள், பெர்ஷியனுக்குத் தினமும். மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் பூனை சொக்கும் நேரம் பாருங்கள். முதலில் கையால் தடவுங்கள், பிறகு அகலப்பல் சீப்பு, அதன் பிறகு நெருக்கமான பிரஷ், எப்போதும் முடி போகும் திசையில். காதுக்குப் பின்னால், அக்குள், தொடை இடுக்கு, வாலடி, இந்த நான்கு இடத்தில்தான் சிக்கு கட்டும். சிக்கைக் கத்தரியால் வெட்டப் போகாதீர்கள். பூனைத் தோல் மெல்லிசு, இழுத்தால் முடியோடு எழும்பி வந்து கத்தரியில் சிக்கிவிடும். விரலால் பிரியவில்லை என்றால் தெரிந்தவர்களிடம் விடுங்கள். கடைசியில் ஈரத்துணியால் ஒருமுறை துடைத்தால் ஒட்டிய உதிரி முடியும் வந்துவிடும். பஞ்சுவுக்கு முதல்நாள் வாரியபோது இரண்டு கை நிறைய முடி வந்ததாம். படம் எடுத்து அனுப்பியிருந்தாள், பக்கத்தில் இன்னொரு பூனை படுத்திருப்பது மாதிரி இருந்தது.

10. சீப்புக்குத் துணையாகச் சில. ஒரு தொட்டியில் அருகம்புல் வளர்த்து வையுங்கள், பூனை தானாகத் தேடிப்போய்க் கடிக்கும். பூச்சிமருந்து அடித்த புல் கூடாது. மஞ்சள் பூசணியை வேகவைத்து மசித்து ஒரு டீஸ்பூன் தீனியில் கலந்தால் நார்ச்சத்து சேரும், மலம் இளகும். கடையில் கிடைக்கும் மால்ட் பேஸ்ட்டை முன்னங்காலில் கொஞ்சம் தடவினால் தானே நக்கிக்கொள்ளும். அதையும் டாக்டர் சொல்லும் அளவோடு. தண்ணீர் கிண்ணத்தைத் தீனித் தட்டிலிருந்து தள்ளி இரண்டு மூன்று இடத்தில் வையுங்கள். உலர்தீனி மட்டும் தின்னும் பூனைக்கு ஒருவேளையாவது ஈரத்தீனி கொடுங்கள்.

விளக்கெண்ணெயோ பாரஃபின் எண்ணெயோ வாயைப் பிளந்து ஊற்றாதீர்கள். எண்ணெய்க்கு இருமல் வராது, சத்தமில்லாமல் நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியாவாகும். நெய்யும் தேங்காயெண்ணெயும் வழுக்கிக்கொண்டு முடியைத் தள்ளும் என்று நம்புகிறார்கள். அவை செரித்துக் கொழுப்பாக உடம்பில் சேரும், முடியை ஒன்றும் செய்யாது.

குப்பைமேனியைப் பற்றியும் கேட்பார்கள். அதன் வேரைப் பிடுங்கிப் போட்டால் பூனை வந்து உருண்டு புரளும். பூனைவணங்கி என்றே அதற்குப் பெயர். மோந்து விளையாடட்டும், முடி உருண்டைக்கு மருந்தென்று அரைத்துப் புகட்டாதீர்கள்.

11. எல்லா ஓங்கரிப்பும் முடி அல்ல. பதுங்கிக் கழுத்தை நீட்டி இருமி, ஒன்றுமே வெளியே வராவிட்டால் அது ஆஸ்துமாவாக இருக்கலாம். பார்ப்பதற்கு இரண்டும் ஒன்று போலவே இருக்கும். வீடியோ எடுத்து டாக்டரிடம் காட்டுங்கள். திரும்பத் திரும்ப ஓங்கரித்து முடி வராமல், சாப்பாட்டை மறுத்து, மலம் போகாமல் கிடந்தால் குடல் அடைத்திருக்கிறது என்று எண்ணி அன்றைக்கே போங்கள். விடியட்டும் என்று இருக்காதீர்கள். ஆண்பூனை மண் டப்பாவில் உட்கார்ந்து முக்கியும் மூத்திரம் சொட்டாவிட்டாலும் அப்படியே, ஓரிரு நாளில் உயிர் போகும்.

நம் வீடுகளுக்கென்று ஒரு எச்சரிக்கை உண்டு. பூக்கட்டும் நூல். வாடிய மல்லிகைச் சரத்தைக் குப்பைக் கூடையில் போடுகிறோம், பூனை அதை இழுத்து விளையாடி நூலை விழுங்கிவிடும். ஒரு முனை நாக்கடியில் மாட்டிக்கொள்ள, மறுமுனை குடலுக்குள் போய், குடலையே சுருக்குப் பை மாதிரி இழுத்து அறுத்துவிடும். வாயிலோ பின்பக்கத்திலோ நூல் தொங்கினால் இழுக்காதீர்கள். அப்படியே தூக்கிக்கொண்டு ஓடுங்கள். சென்னையில் இருப்பவர்களுக்கு 1903-ல் தொடங்கிய வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது, நாமக்கல் பக்கத்தாருக்கு அங்குள்ள கல்லூரி. மற்ற ஊர்க்காரர்கள் பூனை வரும் முன்பே டாக்டர் யாரென்று விசாரித்து வையுங்கள்.

12. தீனியை ஒரே நாளில் மாற்றாதீர்கள். பழையதில் புதியதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி ஏழு முதல் பத்து நாள். பட்டினி போட்டால் தானே தின்னும் என்ற முறை பூனையிடம் செல்லாது. குண்டுப் பூனை இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் இருந்தாலே ஈரலில் கொழுப்பு ஏறிப் படுத்துவிடும்.

13. வீட்டில் எல்லோரிடமும் சொல்லுங்கள். நீங்கள் கட்டுப்பாடாக இருந்தாலும் பாட்டி ஒரு வாய் ஊட்டுவாள், வேலைக்கு வரும் அக்கா மீந்த மீன்குழம்பைக் கிண்ணத்தில் ஊற்றுவார், வந்த விருந்தாளி பிஸ்கட்டை நனைத்துப் போடுவார். எல்லாம் பிரியத்தால்தான். கொடுக்கக் கூடாதவற்றை ஒரு தாளில் எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள், டாக்டர் நம்பரையும் அதன் கீழேயே எழுதுங்கள். பாட்டிக்குப் படிக்கத் தெரியாவிட்டால் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லுங்கள், ஏன் என்பதையும் சொல்லுங்கள். வெள்ளச்சியின் கதையைச் சொன்னால் கேட்பார்கள்.

பஞ்சு இப்போது 3 கிலோ 800 கிராம் இருக்கிறது. கடைசியாக முடி கக்கி ஏழு வாரம் ஆகிறது. சாம்பார் கொதிக்கும் வாசனைக்கு இன்னும் அடுப்படிக்கு வருகிறதாம். மருமகள் அதன் தட்டில் அவித்த கோழி இரண்டு வாய் வைக்கிறாள், தின்றுவிட்டுப் போய்விடுகிறது.